எட்டாவது ஆன்டெனாவிலிருந்து வந்தது

இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பேய் என்றால் நடுராத்திரிதான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகல் மூன்று மணிக்கு, கொல்லிமலை மூடுபனியில்.

என் பெயர் அர்ஷத். ஊர் சேந்தமங்கலம். சந்தோஷ்குமார் அண்ணா தன் ஆராய்ச்சிப் படிப்புக்காக மலைமேல் திருப்புலி நாடு என்ற பகுதியில் ஒரு மரவள்ளிக் காட்டில் எட்டு ஆன்டெனா நட்டிருந்தார். நான் அவருக்கு எலக்ட்ரீஷியன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றில் மோதினால் ஒரு ரேடியோத் துடிப்பு கிளம்பும். எட்டு ஆன்டெனாவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அதைப் பிடிக்கும். தரையிலிருந்து ஏதாவது இரைச்சல் வந்தால், பக்கத்து ஆன்டெனா மட்டும் துள்ளும். மூன்று மாதமாக இரைச்சல்தான். கதிர் ஒன்றுகூடச் சிக்கவில்லை. அவர் படிப்பே போய்விடும் நிலை.

பெருநாளைக்கு எங்கள் வீட்டில்தான் பிரியாணி சாப்பிடுவார். அவர் சொன்னால் நான் தட்டமாட்டேன்.

அன்று மதியம், "செம்மேடு போயி பேட்டரி வாங்கிட்டு வாரேன் தம்பி. கம்ப்யூட்டரப் பாத்துக்க. என்ன ஆனாலும் எந்திரிக்காத" என்றார். என் போனையும் வாங்கி அணைத்துக்கொண்டார். போனும் இரைச்சல் போடும் என்பதால் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

3.10. திரையில், கடைக்கோடியில் இருந்த எட்டாவது ஆன்டெனாவின் கோடு துள்ளியது... டக்.

3.13. ஏழாவது.

3.16. ஆறாவது.

ஜன்னல் வழியே பார்த்தேன். பனி. ஒரு செடி அசையவில்லை. ஆனால் ஏதோ ஒன்று நடந்து வந்துகொண்டிருந்தது... நான் இருந்த கொட்டகையை நோக்கி.

3.31. முதல் ஆன்டெனா. அது கதவுக்கு வெளியே.

டக்.

பிறகு எட்டுக் கோடும் அடங்கின.

பக்கத்தில் காலியாக இருந்த பிளாஸ்டிக் சேர்... மெல்ல முனகியது. யாரோ உட்கார்ந்ததுபோல.

ஓடினேன்.

ரோட்டில், பனிக்குள், பைக் மேல் சந்தோஷ் அண்ணா. அவர் செம்மேட்டுக்குப் போகவே இல்லை.

"வந்துச்சா?" என்றார்.

"என்னண்ணா வந்துச்சான்னு கேக்கறீங்க?"

என்னைப் பைக்கில் ஏற்றவில்லை. போனை நீட்டிவிட்டு, பஸ் வரும்வரை தள்ளியே நின்றார். "ஊட்டுக்குப் போ தம்பி. இனி நீ மேல வர வேண்டாம்."

மறுநாளிலிருந்து மலையில் இரைச்சல் இல்லை என்று கேள்விப்பட்டேன். அந்த வாரமே கதிரும் சிக்கியதாம்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் காரவள்ளி குப்புசாமி. தேடிக்கொண்டு போனேன். அவர் மனைவி ராதிகாதான் இருந்தார். எனக்கு நடந்ததைச் சொன்னேன்.

"அவரையும் ஒருநா இப்படித்தான் ஒண்டியா உக்கார வெச்சாங்க. எறங்கி வந்தப்புறம் அவரு பக்கத்துல யாரும் உக்கார முடியலீங்க. நாலே மாசம். ஜூன் ரெண்டாந் தேதி போயிட்டாரு."

நான் பார்த்த கம்ப்யூட்டர் பதிவில், மலையில் இரைச்சல் மறுபடி ஆரம்பித்ததும் ஜூன் இரண்டுதான்.

"சந்தோஷ் சார் தங்கமானவருங்க. தெனமும் காலைல போன் போட்டு, அவரு நல்லா இருக்காரான்னு கேப்பாரு" என்றார் ராதிகா.

பாவி, கூடப் பிறந்தவன் மாதிரி நம்பினேனே...

எனக்கு இது மூன்றாவது மாதம்.

இன்று காலை 7.05. போன் அடித்தது.

"நல்லா இருக்கியா தம்பி?"