மஞ்சள் பட்ட உறை

யமுனா இப்போது புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறாள். கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவிகளுக்கு அவள்தான் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறாள். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே பால்பாயிண்ட் பேனாவில்தான் கையெழுத்துப் போடுவாள். இங்க் பேனாவை யாராவது நீட்டினால் முறைப்பாள். அதன் காரணம் எனக்குத் தெரியும். திருப்பதி ஹாஸ்டலில் மூன்று வருடம் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் நான்.

அது 2003. வகுப்பில் பாதிப் பேர் எம்.சி.ஏ. படித்து அமெரிக்கா போகும் கனவில் இருந்தோம். பாலசமுத்திரத்தில் கூலி வேலை செய்யும் கமலம்மாவின் மகள் யமுனாவுக்கு மட்டும் நட்சத்திரப் பைத்தியம். பெங்களூரில் ஒரு வானியல் நிறுவனம் பட்டப்படிப்பு மாணவர்களைக் கோடையில் எட்டு வாரம் தங்கவைத்து ஆராய்ச்சி செய்யவைக்கிறது என்று நோட்டீஸ் போர்டில் பார்த்தாள். அன்றிலிருந்து பேச்செல்லாம் அதுதான். ஆசிரியரின் சிபாரிசு ஒட்டிய உறையில் வரவேண்டும், ஒட்டு பிரிந்திருந்தால் ஏற்கமாட்டோம் என்பது விதி. வேதாச்சலம் சார் எழுதி ஒட்டி, நீல இங்க் பேனாவில் குறுக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நேராகத் தபாலில் போட்டிருக்கலாம். அம்மாவிடம் காட்டாமல் அனுப்ப மகாராணிக்கு மனம் வரவில்லை. ஊருக்கு எடுத்துப் போனாள். அவர்கள் வீட்டில் விதை மூட்டையானாலும் ரேஷன் கார்டானாலும் நாலு மூலையில் மஞ்சள் வைத்தாக வேண்டும். மகளின் உறைக்குக் குறைத்து வைக்கலாமா? அவள் குளிக்கப் போன நேரத்தில் கமலம்மா மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துத் தாராளமாகவே பூசிவிட்டார். ஒட்டு விட்டுப்போயிற்று. சாரின் கையெழுத்தில் பாதி பச்சையாக ஓடிவிட்டது.

திங்கட்கிழமை அழுத கண்ணோடு வந்தாள். சார் விடைத்தாள் திருத்த அனந்தபூர் போய்விட்டார். அவர் திரும்புவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிடும். நான் புது உறை வாங்கி, அவர் கையெழுத்தைப் போட்டுப் பழகினேன். ஆறாவது தடவை அச்சு அசலாக வந்தது. யமுனா அதைப் பார்த்துவிட்டு மறுத்துத் தலையாட்டினாள்.

"வாணாம் ரூபா. நடந்தத நடந்த மாரியே எழுதிடறேன்."

எழுதினாள். அம்மா மஞ்சள் பூசியது, எந்தப் பக்கம் எவ்வளவு நனைந்தது, எத்தனை எழுத்து அழிந்தது, உள்ளே இருக்கும் தாளை யாரும் வெளியே எடுக்கவில்லை என்பது வரை ஒரு முழுப் பக்கம். உனக்குப் பெங்களூர் இல்லை, குப்பைக்கூடைதான் என்றேன். கோபத்தில் சொன்னது. அவள் பேச்சைக் கேட்டு நானும் போட்டிருந்த விண்ணப்பம் அதே நாள் தபாலில்தான் போனது, ஒரு கறை இல்லாமல்.

பத்து நாளில் அவளுக்குப் பதில் வந்தது. ஆசிரியர் புதுக் கடிதத்தை நேரடியாக அனுப்பட்டும், விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று. திரும்பி வந்த சார் அன்றே அனுப்பினார். ஏப்ரல் கடைசியில் அவள் தேர்வானாள். நான் ஆகவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் பெட்டியைக் காலி செய்து அவளுக்குக் கொடுத்தேன்.

பெங்களூரில் அவளுக்குக் கிடைத்த வேலை, ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தின் நூற்றுச்சொச்சம் படங்களை வைத்து, பக்கத்திலுள்ள மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதன் பிரகாசத்தை அளப்பது. எட்டு வாரமும் கம்ப்யூட்டர் முன்னால்தான். தொலைநோக்கியை ஒரே ஒரு தடவை காட்டினார்களாம், அன்றைக்கும் மேகம். மூன்று நாள் வேறு நட்சத்திரத்தை அளந்திருக்கிறாள்; தெரிந்ததும் தானே போய்ச் சொல்லியிருக்கிறாள். நீ இப்படித்தான் வந்து சொல்வாய் என்று அந்த மஞ்சள் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது என்று வழிகாட்டி சிரித்தாராம்.

ஜூலையில் பன்னிரண்டு பக்க அறிக்கையோடு திரும்பினாள். நானும் அவளோடு பாலசமுத்திரம் போனேன். கமலம்மா எட்ட நின்றே அதைப் பார்த்தார். அந்த உறைக்குப் பிறகு மகளின் காகிதம் எதையும் அவர் தொடுவதில்லையாம்.

யமுனா உள்ளே போய் மஞ்சள் கிண்ணத்தைத் தேடி எடுத்து வந்தாள்.

"இது ஜெராக்ஸ்மா. கலையாது. வை."

"வாணாம்மா. எதனா ஆயிடப் போவுது."

"ஒண்ணும் ஆவாது. நீ வெக்காம எனக்குத்தான் மனசு ஆறல."

கமலம்மா விரல் நுனியில் துளியாகத் தொட்டு நாலு மூலையிலும் வைத்தார். பிறகு அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு மூலையாக வெகுநேரம் ஊதி ஊதிக் காயவைத்தார்.