போர்ஷனில் வராத அத்தை

எங்கள் சட்டக் கல்லூரியில் இலவச சட்ட உதவி மையம் என்று ஒரு அறை உண்டு. வருஷம் பூராவும் உடைந்த நாற்காலிகள்தான் அங்கே உதவி பெற்றுக்கொண்டிருந்தன. நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, இன்ஸ்பெக்‌ஷன் குழு வருகிறது என்று தெரிந்ததும் நாற்காலிகளை மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். சுவருக்கு வெள்ளையடித்து, தராசு பிடித்த பெண்மணியின் படத்தை மாட்டினார்கள். உதவி கேட்டு வரும் கட்சிக்காரர்கள்தான் பாக்கி.

பொறுப்பாசிரியர் அதற்கும் வழி வைத்திருந்தார். "ஆளுக்கு ஒருத்தர வீட்லேர்ந்து கூட்டினு வாங்க. நல்லா பேசறவங்களா இருக்கட்டும்" என்றார். கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டச் சொல்கிற தோரணை.

எனக்குக் கொள்ளை சந்தோஷம். என் அத்தைக்கு நிஜமாகவே ஒரு வழக்கு இருந்தது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பல வருஷமாக ஷூவின் மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்தாள். டெங்கு காய்ச்சலில் படுத்து எழுந்து வேலைக்குப் போனால், "நீயாதான் நின்னுட்ட, இனிமே வராத" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். விசாரணை கிடையாது, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அத்தைக்கு வேண்டியதெல்லாம் அதே வேலை, அதே மெஷின்.

ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுதாகக் கேட்டார், அதுவே அவருக்குப் பெரிய காரியம். "அது லேபர் லாம்மா, நாலாவது வருஷ போர்ஷன். உங்களுக்கு இப்ப குடும்பச் சட்டம்தானே நடக்குது? வீட்டுக்காரரு விட்டுட்டுப் போய்ட்டாரு, ஜீவனாம்சம் வேணும்னு சொல்லச் சொல்லு" என்றார். காய்ச்சலுக்கும் கம்பெனிக்கும் எங்கள் பாடத்திட்டம் தெரியாமல் போய்விட்டது, பாவம்.

வீட்டில் வந்து சொன்னேன். "அவரு எங்கடி விட்டுட்டுப் போனாரு? கடைக்குப் போனாகூட ரெண்டு தபா போன் பண்றாரு" என்றாள் அத்தை. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமாதான் சமாதானம் சொன்னார். "ஒரு நாளுதானே, நான் ஓடிப்போனதாவே இருக்கட்டும். பெரிய பெரிய சாருங்க வர்றாங்க. அப்படியே உன் வேல விஷயத்தையும் ஒரு வார்த்த காதுல போட்டுட்டு வா." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தை ஒப்புக்கொண்டாள்.

அன்றைக்கு மாமாவே அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டார். ஓடிப்போனவர் என்பதால் கேட்டுக்கு வெளியே, டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். உள்ளே, கட்சிக்காரரிடம் கனிவாகப் பேசுவது எப்படி என்று மனப்பாடம் செய்ததை நாங்கள் ஒப்பித்தோம். அத்தை எங்களைவிட நன்றாக ஒப்பித்தாள். முந்தானையில் மூக்கைக்கூடச் சிந்தினாள். குழுத் தலைவர் உருகிப் போனார். அவர் எழுந்தபோது அத்தை, "சார், என் வேல விஷயமா ஒண்ணு..." என்று தொடங்கினாள். ஆசிரியர் நடுவே புகுந்து, "பிரியாணி ஆறிடும் சார்" என்று அவரை அழைத்துப் போய்விட்டார். அத்தை வாயை மூடிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

மறுநாள் அந்தப் போட்டோ பேப்பரில் வந்தது. கணவரால் கைவிடப்பட்ட பெண்ணுக்குச் சட்ட மாணவர்கள் உதவியாம். கல்லூரிக்கு நல்ல கிரேடு கிடைத்தது. நாற்காலிகள் மாடியிலிருந்து இறங்கி வந்தன.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சீனியரிடம் நாலாம் வருஷப் புத்தகத்தை வாங்கிப் படித்து, நானே ஒரு மனு எழுதினேன். அத்தை கையெழுத்துப் போட்டு வேலூர் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தாள். இரண்டு தரப்பையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். அத்தையோடு மாமாவும் நானும் போனோம். கம்பெனி சார்பில் வந்திருந்த சட்ட அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர். வழக்காடும் போட்டியில் எனக்குக் கேடயம் கொடுத்தவரே அவர்தான்.

டாக்டர் சீட்டை நீட்டினோம். அவர் அதைத் தொடவேயில்லை. தோல் பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்து அலுவலர் முன்னால் வைத்தார். "காய்ச்சல்லாம் இல்ல சார். குடும்பத்துல தகராறு, அவங்களேதான் வேலைக்கு வரல. பாருங்க, போட்டோவோட வந்திருக்கு."

"இது நீங்கதானாம்மா?" என்று அலுவலர் கேட்டார்.

"நான்தான் சார். ஆனா அது பொய் சார், காலேஜுல சொல்லச் சொன்னாங்க. என் வீட்டுக்காரரு இதோ உக்காந்துனு இருக்காரு" என்றாள் அத்தை. மாமா சாப்பாட்டுப் பையோடு எழுந்து கும்பிட்டார்.

சட்ட அதிகாரி குரலை உயர்த்தவேயில்லை. "அவ்ளோ பெரியவங்க முன்னாடி அழுது பொய் சொன்னவங்க, இங்க மட்டும் எப்படி சார் நெசம் சொல்வாங்க?" என்றார்.

சாட்சியை அவர் வாயாலேயே கவிழ்ப்பது எப்படி என்று எங்களுக்கு ஒரு முழுப் பாடம் உண்டு. அதை இவ்வளவு சுத்தமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் கல்லூரி நல்ல வக்கீலைத்தான் தயார் செய்து அனுப்பியிருந்தது. பேச்சுவார்த்தை முறிந்து, வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய் இப்போது வாய்தாவில் நடக்கிறது. அத்தை வீட்டிலேயே ஒரு பழைய மெஷினைப் போட்டு ரவிக்கை தைக்கிறாள்.

நான் இப்போது நாலாம் வருஷம். போன வாரம் ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். இன்னொரு குழு வருகிறதாம். "உங்க அத்தை இன்னா அருமையா அழுதாங்க, அவங்களையே கூட்டினு வந்துடும்மா. இப்பதான் லேபர் லா போர்ஷன்ல வந்துடுச்சே, வேல போச்சின்னே சொல்லட்டும்" என்றார்.

அத்தையிடம் சொன்னேன். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"நெசத்துக்கு எனக்கு அழுவ வராதுன்னு சொல்லிடு" என்றாள்.