கோடு விழுந்த படம்

படம் வரைந்த பெண். பேச வந்த கல்லூரி வாத்தியார். பெங்களூரிலிருந்து வந்திருந்த என் மகள். மருமகன். வாசலில் வாட்ச்மேன். அப்புறம் நான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஓவியக் கண்காட்சிக் கூடத்தில் வேறு யாரும் இல்லை.

மகள் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தாள். அவள் அம்மா போய்ச்சேர்ந்த பிறகு சிங்காநல்லூர் வீட்டில் நான் ஒருவன்தான். பெங்களூருக்கே வந்துவிடச் சொன்னாள். வரமாட்டேன் என்றேன். ஏன் என்றாள். சொல்லத் தெரியவில்லை. வந்ததிலிருந்து இதே பேச்சு. படம் வரைந்த பெண் மருமகனோடு படித்தவள். அதனால் நடுவில் இங்கே வந்தோம்.

சுவர் முழுக்க ஒரே படம். சிவப்பு. ஆள், மரம், மலை எதுவும் இல்லை. மேலிருந்து கீழே வெளிறிய கோடு ஒன்று.

மில்லில் துணியில் குறை பார்ப்பது என் வேலை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் துணியில் இப்படித்தான் நீளமாகக் கோடு விழும். ஓரத்தில் சாக்பீஸால் குறி போட்டு ஒதுக்குவோம். சட்டைப் பையில் சாக்பீஸ் கிடந்தது. கை தானாகப் போய்ப் படத்தின் ஓரத்தில் குறி போட்டுவிட்டது.

“அய்யோ மாமா! ரிஜெக்ட் பண்ணிப்போட்டீங்களே!” என்றார் மருமகன்.

அந்தப் பெண் ஓடிவந்து பார்த்தாள். சிரித்தாள். “சட்டத்துலதானுங்க பட்டிருக்குது, இருக்கட்டுங்கய்யா. ஆனா அந்தக் கோடு தப்பில்லீங்க. அதுக்காகத்தான் மத்ததெல்லாம்.”

வாத்தியார் பேசினார். பாதி புரியவில்லை. சில சங்கதிகள் ரொம்பப் பெரிசு, வரையவும் வராது சொல்லவும் வராது, அப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் காட்டலாம் என்றார். பார்க்கிறவனுக்கு முதலில் பயம் வருமாம்.

எனக்கு வந்தது. கிட்டே நின்றால் படத்துக்கு ஓரமே தெரியவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்து விளக்குப் போடுவதற்குள் வீட்டில் ஒரு பயம் வரும். அதேதான் இது. என் மனைவி இல்லாதது முழுதாகத் தெரிவது அந்த வீட்டில்தான். வேறு ஊரில் அதுவும் இருக்காது.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். “ஏனுங்கப்பா, இப்பவாச்சும் சொல்லுங்க. ஏன் வரமாட்டேங்கறீங்க?”

படத்தைக் காட்டினேன். “ஊட்டுல இப்படி இருக்குது கண்ணு.”

“இதுல ஒண்ணுமே இல்லீங்களே மாமா?”

“ஆமாங்க மாப்பிள்ளை.”

மகள் அவரைக் கையமர்த்தினாள். வெகுநேரம் படத்தையே பார்த்தாள். “சரிங்கப்பா” என்றாள். அப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் போத்தனூரில் அவர்களை ரயில் ஏற்றிவிட்டேன். எனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஏறியது இரண்டு பேர்.