அண்ணியின் மேலுதடு

அண்ணனுக்குக் கல்யாணம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒரு மாலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணி குனிந்து அண்ணன் தட்டில் மீன் குழம்பு ஊற்றினாள். பக்கத்தில் சோறு பிசைந்துகொண்டிருந்த அம்மா கையை அப்படியே நிறுத்திவிட்டு, இடது கையால் அண்ணியின் முகவாயைப் பிடித்து டியூப்லைட் பக்கம் திருப்பினாள். காசிமேட்டில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அதே பார்வை. "இன்னா இது?" என்றாள். அண்ணியிடம்தான் கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மீச" என்று அவளே சொன்னாள். அண்ணன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா விடும்வரை அண்ணி குனிந்தபடியே நின்றாள். கரண்டியிலிருந்த குழம்பு அவளுடைய புதுப் புடவையில் சொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவள் அசையவில்லை.

வேறு வீடாக இருந்திருந்தால் இது ஒரு நாள் கேலியோடு போயிருக்கும். எங்கள் வீட்டில் அது போகவில்லை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர்; நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா எங்கள் இருவரையும் வளர்த்தது குளியல் பொடி விற்று. யானைக்கவுனிக்குப் போய் நாட்டு மருந்துக் கடைகளில் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் கோரைக்கிழங்கும் வாங்கி வருவாள். குப்பைமேனித் தழையைத் தண்டவாளத்து ஓரத்திலிருந்து பறித்து வருவாள். எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயவைத்து மிஷினில் அரைப்போம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே மஞ்சள் வாசனை வரும். பொடி மட்டுமல்ல, முகத்தில் முடி இருக்கும் பெண்களுக்கு அம்மா தன் கையாலேயே பூசித் தேய்த்தும் விடுவாள். கல்யாணம் நிச்சயமான பெண்களை அவர்களின் தாய்மார்களே கூட்டி வருவார்கள். "பிளேடு வெக்காத, முள்ளாட்டம் மொளைக்கும். இது வேரோட போயிடும்" என்று அம்மா சொல்வாள். அம்மாவின் கைகளில் ஒரு ரோமம் கிடையாது. புடவைத் தலைப்பை ஒதுக்கி முழங்கையை நீட்டிக் காட்டுவதுதான் அவளுடைய விளம்பரம்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்கு மீசையோடு ஒரு மருமகள் வந்துவிட்டாள். பெண் பார்க்க எண்ணூருக்குப் போனபோது அண்ணி முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள், முகத்தில் பவுடர் பூசியிருந்தாள். பியூட்டி பார்லரில் நூலால் எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதில் தப்பொன்றும் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எந்தப் பெண்ணும் செய்வதுதான். ஆனால் ஊரில் எல்லோருடைய முகத்தையும் ஒரே பார்வையில் எடைபோடுகிற தன்னை ஒரு நூலும் பவுடரும் ஏமாற்றிவிட்டதாக அம்மா நினைத்தாள். அதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அண்ணியைப் பற்றி நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது வேறு. நன்றாகச் சிரிப்பாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்தவள், மிஷினில் உட்கார்ந்தால் அவள் கை ஓடுவதை நின்று பார்க்கலாம். கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போக எனக்கு இரண்டு சுடிதார் தைத்துக் கொடுத்தாள். எண்ணூரில் கடல் ஏறி வந்து ரோட்டைத் தின்ற கதையை அவள் சொல்லும்போது அண்ணன்கூட வாய்விட்டுச் சிரிப்பான். கையிலும் மேலுதட்டிலும் முடி இருந்தது, அவ்வளவுதான். அந்த முதல் சில வாரங்களில் அதை நாங்கள் யாரும் பார்த்ததேயில்லை என்றுதான் எனக்கு நினைவு.

மறுநாளே வைத்தியம் ஆரம்பித்தது. பொடியைப் பாலில் குழைத்து முகத்திலும் கைகளிலும் கெட்டியாக அப்பி, காய்ந்து இறுகியதும் முடி வளரும் திசைக்கு எதிராகத் தேய்த்து உதிர்ப்பது அம்மாவின் முறை. மற்றவர்களுக்கு மெதுவாகத் தேய்ப்பாள், நடுவில் ஊதிவிடுவாள். அண்ணிக்கு ஊதவில்லை. மேலுதடு சிவந்து தடித்துப்போகும். முடி கொஞ்சம் போகும், சில நாட்களில் திரும்ப வரும். அது திரும்ப வருவதை அண்ணி வேண்டுமென்றே செய்வதுபோல அம்மா பேசினாள். "இன்னா துன்ற நீ? எங்கருந்து வருது இவ்ளோ?" குப்பைமேனியை அதிகமாக்கினாள். பிறகு கால் தேய்க்கிற நுரைக்கல்லை எடுத்து அண்ணியின் கைகளைத் தேய்த்தாள். பாத்திரம் துலக்கும்போது அண்ணி கைகளைச் சோப்புத் தண்ணீரில் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எடுப்பாள். ஒருநாள் அண்ணனிடம், "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லேன்" என்று அவள் கேட்டது தடுப்புச் சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. "அம்மா நல்லதுக்குத்தான செய்யுது. கொஞ்ச நாளு பொறுத்துக்க" என்றான் அவன். கன்டெய்னர் யார்டில் வேலை செய்தவன் என் அண்ணன். அங்கே பெரிய லாரிக்காரர்களிடம் சண்டைக்கு நிற்பான் என்று சொல்வார்கள். வீட்டில் அவன் குரலை அம்மாவுக்கு எதிராக நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.

கூடத்தில் உட்காரவைத்துச் செய்ய ஆரம்பித்ததுதான் இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை. பொடி வாங்க வரும் பெண்கள் தயங்கினால் அம்மா உள்ளே பார்த்து, "இங்க வாம்மா" என்று அண்ணியைக் கூப்பிடுவாள். ஸ்டூலில் உட்காரவைத்து முகவாயை நிமிர்த்திப் பிடிப்பாள். "என் மருமவதான். வரும்போது ஆம்பள மாதிரி வந்தா. இப்ப பாருங்க, பாதி போயிடுச்சு. மீதிய உங்க கண்ணு முன்னாடியே எடுக்கறேன்." பெண்கள் டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்பார்கள். "கையில இன்னும் கீது" என்று யாராவது விரலை நீட்டிச் சொல்வார்கள். ஒருத்தி, "உன் வூட்டுக்காரு ஒண்ணும் சொல்லலியா?" என்று அண்ணியையே கேட்டாள். அண்ணி சிரிக்க முயன்றாள். காய்ந்த பொடி முகத்தில் இறுகிக் கிடந்ததால் அந்தச் சிரிப்பு உதட்டின் ஓரத்தில் விரிசலாகத் தெரிந்தது. அவர்கள் போன பிறகு குளியலறையில் தண்ணீர் நெடுநேரம் ஓடும். பொடி நன்றாக விற்றது.

பொடி தோற்றுப்போன இடத்தில் அம்மா சர்க்கரைப் பாகுக்கு வந்தாள். சர்க்கரையில் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து பாகாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பூசி, மேலே பழைய வேட்டித் துணியை ஒட்டவைத்து, ஒரே இழுப்பாக இழுப்பது. ஆறவிட வேண்டும் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். அது அம்மாவுக்குத் தெரியாததில்லை. அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள், நேரமாகிறது என்று எழுந்திருக்கப் பார்த்தார்கள். "பாகு ஆறலம்மா" என்று நான் சொன்னேன். "நீ உன் வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டு மரக்கரண்டியால் எடுத்து அண்ணியின் மேலுதட்டில் வைத்து இழுத்துப் பூசினாள்.

அண்ணி கத்தவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது; வாய் திறந்தால் பாகு உதட்டுக்குள் இறங்கும் என்று பயந்தவள் போல வாயை மூடிக்கொண்டே அந்தச் சத்தத்தைப் போட்டாள். துடைத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. வந்திருந்த பெண்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள். நானும் அண்ணியும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து போட்ட நர்ஸ் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாரு செஞ்சது?" என்று கேட்டார். "பாகு காய்ச்சும்போது தெறிச்சிடுச்சு" என்றாள் அண்ணி. "தெறிச்சா இப்டி கோடு போட்ட மாதிரியா இருக்கும்?" என்றார் நர்ஸ். வீட்டில் அண்ணன் மருந்துக் கட்டைப் பார்த்தான், எலுமிச்சம்பழ ஜூஸ் போட்டுத் தரட்டுமா என்று கேட்டான், அவள் சரியென்று தலையாட்டியும் அதைக்கூடப் போடாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

புண் ஆறியதும் மூக்குக்குக் கீழே இடது பக்கம் தோல் வெளுத்து, பளபளப்பாக, சுருங்கிப்போய் இருந்தது. அந்த இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. ஒருநாள் காலை அம்மா அண்ணியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். நான் அவள் ஏதாவது வருத்தமாகச் சொல்வாள் என்று நினைத்தேன். "பாத்தியா, அங்க மட்டும் வரவேயில்ல" என்றாள். குரலில் திருப்தி இருந்தது. அம்மாவை நான் புரிந்துகொண்டேன் என்றால் அந்த ஒரு வரியில்தான் புரிந்துகொண்டேன்.

அண்ணி கர்ப்பமான பிறகு மஞ்சள் வாசனையே அவளுக்கு ஆகவில்லை, வாந்தி எடுத்தாள். அம்மா அவளை விட்டுவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று எண்ணூரில் வைத்துப் பார்த்து, ஒரு மாதம்போல் கழித்து அனுப்பிவைத்தார்கள். குழந்தையின் நெற்றியிலும் தோளிலும் முதுகிலும் பூனைமுடியாக மெல்லிய ரோமம் இருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு அப்படித்தான் இருக்கும், தானாக உதிர்ந்துவிடும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். அம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். "ஆத்தா மாரியே வந்துகீது" என்றாள். பேத்தியைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அடுத்த சில நாட்களில் ஒரு காலை. அண்ணி குளித்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தேன். குழந்தை அழும் சத்தம் பசி அழுகையாக இல்லை. நான் கூடத்துக்கு வந்தபோது அம்மா கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு, கடலை மாவும் மஞ்சளும் பிசைந்த உருண்டையை முதுகின் மேல் அழுத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் போதாமல் மாவு வறண்டிருந்தது. சிவந்த முதுகில் ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னதாக ரத்தப் புள்ளிகள். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "பச்ச ஒடம்புலயே எட்த்துட்டா அப்றம் கஷ்டம் இல்ல. வுடு" என்று உதறினாள். அதற்குள் அண்ணி ஈரத் தலையோடு வந்துவிட்டாள்.

அவள் சண்டை போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் குனிந்து குழந்தையை எடுத்தாள். வெந்நீரில் துணியை நனைத்து மாவைத் துளித்துளியாக ஒற்றி எடுத்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள். பிறகு புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு பையில் குழந்தையின் துணிகளை எடுத்துவைத்தாள். "எங்க கெளம்பிட்ட?" என்றாள் அம்மா. அண்ணி அவளை நேராகப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"என் மூஞ்சிய உங்க கையில குடுத்தேன் அத்தே. இவ முதுக குடுக்க மாட்டேன்."

"போ. மீசக்காரிய எவன் வெச்சிப் பொயப்பான்னு நானும் பாக்கறேன்" என்றாள் அம்மா. அண்ணன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணி அவன் எதிரில் நின்றாள். அவ்வளவு நேரம் யாரும் யாருக்காகவும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அவன் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு போய் எண்ணூர் போகும் ஷேர் ஆட்டோவில் அவர்களை ஏற்றிவிட்டேன். குழந்தையின் முதுகு சீட்டில் படாமல் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி உட்கார்ந்தாள்.

அண்ணன் இரண்டொரு தடவை கூப்பிடப் போனான். அம்மாவின் கை குழந்தை மேல் படக்கூடாது, தனி வீடு பார், வருகிறேன் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். அவன் திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். தெருவில் அவளை ஓடிப்போனவள் என்றார்கள். அம்மா அதை மறுக்கவில்லை. அண்ணி மறுபடி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய், லைன் சூப்பர்வைசர் ஆனாள். நான் கல்யாணமாகித் திருவொற்றியூருக்குக் குடிவந்த பிறகு என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவளும் வாடகைக்கு வந்தாள்.

சென்ற மாதம் அவள் மகள் கல்லூரியில் சேர்ந்ததற்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது மகள்தான். உயரமாக, கைப்பந்து ஆடுகிற தோள்களோடு, கையில்லாத பனியனில் வந்து நின்றாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கருகருவென்று முடி. மேலுதட்டிலும் இருந்தது. பேசும்போது அதை மறைக்க அவள் கை ஒருமுறைகூட மேலே போகவில்லை. "காலேஜ்ல யாராச்சும் இன்னா சொல்வாங்களோன்னு எனக்குத்தான் பேஜாரா கீது" என்றாள் அண்ணி. "சொன்னா சொல்லட்டும், உனக்கின்னா" என்று மகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அண்ணி சிரித்தாள். அவளுடைய தழும்பின் இரண்டு பக்கமும் ரோமம் வளர்ந்திருந்தது. நடுவில் அந்த வெளுத்த கோடு மட்டும் தனியாகத் தெரிந்தது.

அங்கிருந்து அம்மாவைப் பார்க்கப் போனேன். அவள் இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் போய்ப் படுக்கை விரிப்பு மாற்றிவிட்டு வருகிறேன். அண்ணன் வேலையை விட்டுவிட்டு இப்போது அம்மாவின் பொடியைப் பாக்கெட்டில் அடைத்துப் போனிலேயே ஆர்டர் எடுத்து விற்கிறான். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். பாக்கெட்டின் மேல் ஒரு குழந்தை சிரிக்கிறது. கீழே, முழுவதும் இயற்கையானது, பிறந்த குழந்தைகளுக்கும் ஏற்றது என்று அச்சடித்திருக்கிறது. அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பாக்கெட்டுகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் இருப்பதைப் பற்றியே அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கூடத்தில் டேப் இழுக்கும் சத்தம் நின்றது.

என்ன படிக்கிறாள், எப்படி இருக்கிறாள், பேர் என்ன வைத்தார்கள், எதையும் அம்மா கேட்கவில்லை.

"முடி கீதா அதுக்கு?" என்றாள்.

"கீது. நல்லா அடத்தியா கீது" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தைக்காக அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துக் கூடத்துப் பக்கம் காட்டினாள்.

"பாக்கெட்டு ரெண்டு எட்துனு போயி குடு. காசு வாணாம், ஆயா குட்த்துச்சின்னு சொல்லு. பொட்டப் புள்ள, கஸ்டப்படும்."

சரி, எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். விரிப்பை மாற்றினேன், அவள் முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டேன், பின்வாசல் வழியாக வெறுங்கையோடு இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.