ஏழு நொடி முன்னால் கேட்ட குரல்

படுக்கையறைக்குள்ளிருந்து கணவனின் கத்தல் கேட்டதும் லொரெய்னின் கை நின்றது. முட்டைக்கோஸ் இலையில் வைத்த, அரிசி கலந்த இறைச்சி உருளை பாதியில் பிரிந்து கிடந்தது.

"நான் வால்ட் பேசறேன்!"

சரியாக ஏழு நொடி கழித்து, அடுப்படி ரேடியோவிலும் அதே குரல் அதையே சொன்னது. நேயர்கள் போனில் பேசுவதை நிலையத்தார் ஏழு நொடி தாமதித்தே ஒலிபரப்புவார்கள்.

அவர் வால்ட் அல்ல, காஸ் நோவாக்கி. கார் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் நின்று பாதிக் காதைப் பறிகொடுத்தவர். வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் விரலால்தான் காட்டுவார். மகள் மெலனி கல்யாணத்தில்கூட வாழ்த்துச் சொல்ல எழுந்து, ஒரு சொல்லும் வராமல் உட்கார்ந்துவிட்டார். ஆனால் விளையாட்டு ரேடியோவுக்குப் போன் போட்டுவிட்டால் போதும், அந்த ஊமை மனிதர் சிங்கமாகிவிடுவார். பதினெட்டு வருடமாக பஃபலோ நகரமே வால்ட்டைக் கேட்டுச் சிரித்தது, சண்டை போட்டது. வால்ட் யாரென்று தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று லொரெய்ன் நம்பியிருந்தாள்.

மூன்று வாரமாக ஊரில் ஒரே பேச்சு. ஃபீனிக்ஸ் அணியின் நட்சத்திர வீரன் ரூக்ஸை நம் பாஸ்கெட்பால் அணி வாங்கலாமா, கூடாதா? அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேடுக்கு இன்று மூன்று மணியோடு கெடு முடிகிறது.

"ஒருத்தனுக்காக மூணு பேரைத் தூக்கிக் குடுப்பீங்களா? அவனுக்கு முப்பத்திரண்டு வயசு!" என்று காலையில் ஒருவன் ரேடியோவில் பொருமினான்.

"அந்த மூணு பேரை வெச்சு நாம என்னத்தக் கிழிச்சோம்?" என்று தொகுப்பாளர் மிட்ச் சிரித்தார்.

மூன்று வாரமும் "ரூக்ஸை வாங்கு" என்று தொண்டை கிழியக் கத்தியது வால்ட்தான். ஆனால் சம்பளக் கணக்கு சரிக்கட்ட ஃபீனிக்ஸ் கூடுதலாகக் கேட்கும் அந்த மூன்றாவது ஆள் யாரென்று இன்று காலைதான் தெரிந்தது. ட்ரெவன் பிக்கெட். அவர்களுடைய மருமகன். மெலனிக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தவறிப்போனதால் டாக்டர் அவளைப் படுக்கையைவிட்டு எழவே விடவில்லை. இந்த நேரத்தில் அவன் போய்விட்டால்?

"என்ன வால்ட், இன்னிக்கு உங்களுக்குத் திருநாளாச்சே!" என்றார் மிட்ச்.

சுவருக்கு அப்பால் காஸ் இருமினார். "வேண்டாம். இந்த ட்ரேடு வேண்டாம்."

"அடேயப்பா! வால்ட்டா பேசறது?"

"அந்தப் பையன் பிக்கெட்டை ஃபீனிக்ஸ்காரன் வாங்கினா ஏமாந்துதான் போவான். இடது முழங்கால் போச்சு. இந்த மாசம் ரெண்டு தரம் ஊசி போட்டு நீர் எடுத்திருக்கு. ஷூ லேஸ் கட்டக்கூடக் குனிய முடியலை அவனால."

லொரெய்ன் சுவர்ப் பக்கம் திரும்பினாள். போன ஞாயிற்றுக்கிழமை இதே மேஜையில், "கிளப்புக்குக்கூடத் தெரியாது மா, ஜூன்ல ஒப்பந்தம் முடியுது" என்று ட்ரெவன் நம்பிச் சொன்ன ரகசியம் அது. ஏழு நொடி இருக்கிறது. ஓடிப்போய்ப் பிடுங்கலாமா? எதை? போனையா? காற்றில் போய்விட்ட வார்த்தையையா? கையில் ஒட்டிய அரிசியோடு அவள் ரேடியோவையே பார்த்து நின்றாள். ஷூ லேஸ் வரை எல்லாமே அதில் ஒலித்தது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் வால்ட்?"

"தெரியும்." போனை வைக்கும் சத்தம்.

வெளியே வந்த காஸின் முகம் சுண்ணாம்பாயிருந்தது. "அவன் போயிடக் கூடாது, லொரெய்ன். மெலனி தாங்க மாட்டா."

"அவன் பிழைப்பு தாங்குமாய்யா?"

லொரெய்ன் மிச்ச இலைகளைச் சுருட்டி அடுப்பில் ஏற்றினாள்.

இரண்டரைக்கு வாசலில் யாரோ பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினார்கள். ட்ரெவன். ஆட்டம் உள்ள நாளெல்லாம் முட்டைக்கோஸ் உருளை சாப்பிட வருவான். இன்று கோட்டைக் கழற்றவில்லை.

"உட்காருப்பா," என்றாள்.

"நேரமில்லை மா. ஃபீனிக்ஸ் என்னை வேண்டாம்னுட்டாங்க. நம்ம கிளப் டாக்டர் மூணு மணிக்கு முழங்காலை ஸ்கேன் பண்ணணும்னு கூப்பிட்டிருக்கார். இன்னிக்கு ஆட்டத்துக்கு வர வேண்டாமாம்."

"அடுத்து?" என்றாள்.

"ஸ்கேன்ல தெரிஞ்சுடும். ஜூனுக்கப்புறம் யார் கூப்பிடுவாங்கன்னு தெரியலை." அவன் சிரிக்க முயன்றான். "ஆனா ஊரைவிட்டுப் போகலை. மெலனிக்கு அது போதும். ரேடியோல சொன்னது யாருன்னு கேட்டா. தெரியலைன்னுட்டேன்."

காஸ் தரையைப் பார்த்தபடி நின்றார். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது. வாய் திறந்தது. கல்யாண நாள் போலவே, ஒரு சொல்லும் வரவில்லை.

லொரெய்ன் சூடான டப்பாவைத் துணியில் சுற்றி ட்ரெவன் கையில் வைத்தாள். அவன் குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டான். குனியும்போது இடது காலை நீட்டியே வைத்திருந்தான்.

கல்யாணமாகி நான்கு வருடமாக மாமனாரை "சார்" என்று மட்டுமே அழைத்தவன், கதவருகில் திரும்பினான்.

"வர்றேன், வால்ட்," என்றான் மெதுவாக.

கதவு சாத்திக்கொண்டது.