மூச்சை அடக்கியவர்

குன்னூர் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். மெலிந்தவர், விரல்களில் பச்சைக் கறை. ஒரு பிடி இலையை அமுக்கிக் கையை விரிப்பார். அது உருண்டையாகவே நின்றால், இலை வாடிவிட்டது என்று தொட்டிக்குக் காற்றடிக்கும் விசிறியை நிறுத்துவார்.

அந்த வேலையைச் செய்ய நான் எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு மெல்லிய படலம் கொண்டுபோயிருந்தேன். பைன் காயின் செதில் ஈரத்தில் மூடி வெயிலில் விரிவதைப் பார்த்து, நானோ இழைகளால் செய்தது. நகம் அளவுதான். இலை வாடி, அதன் மேலுள்ள காற்று உலர்ந்ததும் வளைந்து விசிறியை நிறுத்த வேண்டும். சோதனைக்கு மூன்றே நாள். முதல் நாள் அவர் குனிந்து பார்த்தபோதெல்லாம் மூச்சின் ஈரம் பட்டுப் படலம் நிமிர்ந்துகொண்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா."

"ஏனுங்க அம்மிணி, இது வேலை செஞ்சா எனக்கு நிரந்தர லீவுங்களா?"

"தெரியலைங்கண்ணா," என்றேன். தெரியும்.

அதன்பின் படலம் வைத்த தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் உதட்டை இறுக்கி மூச்சை அடக்கிக்கொண்டார். மூன்றாம் நாள் படலம் வளைந்தது, விசிறி நின்றது. அவர் கையை விரித்தார். உருண்டை கலையவில்லை.

"கரெக்டுங்க," என்றார், பத்தடி தள்ளிப் போய்.

அறிக்கையில் வெப்பம், ஈரப்பதம், நேரம் என்று வரிசையாக எழுதினேன். அவர் அடக்கிய மூச்சுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.