காசா மரக் கிளையும் பஞ்சரான பஸ்ஸும்

உடைத்த கிளையைத் திரும்பக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தால் காட்டுக்கு என்ன பயன்? கல்லூரியில் தாவரவியல் நடத்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்று மாலை ஐயனார் கோயில் காட்டிலிருந்து, நீலப் பூவோடு இருந்த ஒரு சின்னக் காசா மரக் கிளையை வகுப்புக்காக ஒடித்து வந்தேன். இந்தக் கடற்கரையில் மிஞ்சியிருக்கும் காடே கொஞ்சம்தான், அதில் ஓர் இலையைக்கூடத் தொடாதீர்கள் என்று வருடா வருடம் மாணவர்களுக்குச் சொல்பவளும் நான்தான்.

மரக்காணம் உப்பளத்தைத் தாண்டியதும் பஸ் பஞ்சர். பக்கத்து சீட்டில் இருந்தவர் உப்பளத்தில் வேலை முடித்து வருகிற பெண். என் பையை எட்டிப் பார்த்தார்.

“இன்னா டீச்சர், ஐயனார் காட்டுல உடைச்சதா? நாங்க அங்க விறகுக்குக்கூட கை வைக்க மாட்டோம்.”

“டயரு தேஞ்சி மாசக்கணக்காவுதும்மா,” என்றார் கண்டக்டர், எனக்காக.

“இத்தினி நாளா ஓடிக்கினுதானே இருந்துது?”

பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. தற்செயல் என்றால் என்ன என்று ஒரு சிறு உரை என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். அதை எடுக்காமல், கிளையைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

“நாளைக்கிக் கொண்டுபோய் வச்சிடுங்க டீச்சர். நான் தெனம் இதே பஸ்லதான் போவணும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். பகுத்தறிவுள்ள நண்பர்களே, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மறுநாள் சேர்த்தது: காலையில் போய்க் கிளையை அந்த மரத்தடியிலேயே வைத்தேன். திரும்பும்போது அதே பஸ் மறுபடியும் பஞ்சர். எல்லோரும் டயரைப் பார்க்க இறங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்து, இலை ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பையைக் குடைந்துகொண்டிருந்தேன்.